பித்தக் குழாய்க் கல்லை வயிற்றைத் திறக்காமல் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எண்டோஸ்கோப்பி பிரிவில் செவிலியர். நோயாளியை உள்ளே அழைத்துப் போகும்போதும், மயக்கம் தெளிந்து வெளியே கொண்டுவரும்போதும், காத்திருக்கும் வீட்டாரிடம் பேசும்போதும் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முடிவு எடுக்க வேண்டியது உங்கள் மருத்துவர். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் குறையும்.

பித்தப்பையில் கல், பித்தக் குழாயில் கல், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது பித்தக் குழாய் வழியாக இறங்கி முன்சிறுகுடலுக்கு வருகிறது. அந்தக் குழாயின் பக்கவாட்டில் தொங்கும் பைதான் பித்தப்பை. சாப்பாட்டு நேரம் வரும்வரை பித்தநீரைச் சேர்த்துவைக்கும் இடம் அது. பெரும்பாலான கற்கள் இந்தப் பையில்தான் உருவாகின்றன. பையில் சும்மா கிடக்கும் கல் பலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராது.

அதில் ஒன்று நழுவிக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. அந்தக் குழாயின் அகலம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர்தான். குடலுக்குள் திறக்கும் அதன் வாய் இன்னும் குறுகல். போதாததற்குக் கணையத்தின் குழாயும் பெரும்பாலும் அதே வாயில்தான் வந்து சேர்கிறது. ஆகவே அங்கே ஒரு கல் அடைத்தால் கல்லீரல், கணையம் இரண்டுமே மாட்டிக்கொள்ளும். பித்தப்பைக் கல்லால் அவதிப்படுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் குழாயிலும் கல் இருக்கும்.

கிட்னி கல் மாதிரி நிறையத் தண்ணீர் குடிச்சா வெளியே வந்துடாதா? மாத்திரை இல்லையா?

குடிக்கும் தண்ணீர் பித்தக் குழாய் வழியாகப் போவதில்லை. அதனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சிறிய கல் சில சமயம் தானாகவே குடலுக்குள் விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் விழும் வழியில் கணையத்தின் வாயை அடைத்து வீக்கத்தைக் கிளப்பிவிடுவதும் இந்தச் சின்னக் கற்கள்தான். பித்தக் கல்லைக் கரைக்கவென்று ஒரு மாத்திரை இருக்கிறது. பித்தப்பையில் உள்ள சில வகைக் கற்களுக்கு மாதக்கணக்கில் கொடுப்பார்கள். குழாயை அடைத்து நிற்கும் கல்லுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வரும் என்று சொல்வதைக் கேட்டுச் செய்துவிட்டு, டப்பாவில் போட்டு எடுத்து வருகிறவர்களும் உண்டு. அந்த உருண்டைகள் கல் அல்ல. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்புக் கட்டியாக மாறி வெளியே வந்தவை. ஏமாந்துவிட்டார்களே என்பதைவிட, அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டார்களே என்றுதான் எனக்கு மனசு கஷ்டப்படும்.

இப்போ வலியே இல்லை. அப்படியே விட்டா என்ன?

வலி நின்றது, கல் போய்விட்டதால் இருக்கலாம். கல் கொஞ்சம் மேலே நகர்ந்து மிதப்பதாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. குழாயில் கல் உறுதியாகிவிட்டது, உடம்பும் சிகிச்சையைத் தாங்கும் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே பொதுவான பரிந்துரை. அடுத்த முறை அடைக்கும்போது அது வெறும் வலியோடு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எப்போ ராத்திரி பகல் பார்க்காம ஓடி வரணும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் அடைபட்ட பித்தநீரில் கிருமி ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே பேச்சு குழறினால், ஆள் மந்தமானால், ரத்த அழுத்தம் இறங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வயதானவர்களுக்கு மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல்கூட இல்லாமல், வெறும் சோர்வும் குழப்பமுமாகவே அவர்கள் வந்து சேர்வதுண்டு.

வேறு இரண்டு அடையாளங்களையும் கவனியுங்கள்: சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது. பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன்ல குழாயில் கல் தெரியலைன்னு எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பித்தப்பைக் கல்லை அருமையாகக் காட்டும். குழாயின் கீழ்ப்பகுதி குடலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். அதனால் குழாய்க் கல் பலமுறை தப்பிவிடுகிறது. குழாய் விரிந்திருக்கிறது, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் கல்லீரல் என்சைம்களும் ஏறியிருக்கின்றன என்றால் மருத்துவர் சந்தேகப்படத்தான் செய்வார்.

அடுத்த படி எம்.ஆர்.சி.பி. (எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் குழாயைப் படமெடுப்பது) அல்லது எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி வைத்துப் பார்க்கும் முறை. மிகச் சிறிய கற்களைப் பிடிப்பதில் இரண்டாவது கெட்டி. கல் இருப்பது ஏற்கெனவே உறுதி, காய்ச்சலும் மஞ்சளும் இருக்கிறது என்றால் இந்தப் படியைத் தாண்டி நேராகச் சிகிச்சைக்கே போய்விடுவார்கள்.

எம்.ஆர்.சி.பி. எடுத்தாச்சு. மறுபடி ஏன் இ.ஆர்.சி.பி. எழுதியிருக்காங்க? ஒரே டெஸ்ட்டை ரெண்டு தடவையா?

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம் இது. எம்.ஆர்.சி.பி. வெறும் படம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்து எடுப்பது. உடம்புக்குள் எதுவும் நுழையாது. இ.ஆர்.சி.பி. என்பது சிகிச்சை. அதில்தான் கல்லை எடுக்கிறார்கள்.

சரி, வயித்தைத் திறக்காம கல்லை எப்படித்தான் எடுக்கிறாங்க?

ஒரு காலத்தில் திறந்துதான் எடுத்தார்கள். பித்தக் குழாயை வெட்டிக் கல்லை எடுத்த முதல் வெற்றிகரமான அறுவை 1890இல் நடந்தது. செய்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கூர்வாசியே. எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயின் வாயைக் கீறி விடும் முறை 1974இல் வந்தது. ஜப்பானில் கவாய் குழுவும் ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதை வெளியிட்டார்கள்.

இன்று இ.ஆர்.சி.பி.யில் நடப்பது இதுதான். வாய் வழியாக ஒரு வளையும் குழாய் இறங்கி, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குப் போகும். சாதாரண எண்டோஸ்கோப்பிக்குக் கண் நுனியில் இருக்கும். இதற்குக் கண் பக்கவாட்டில். ஏனென்றால் பித்தக் குழாயின் வாய் குடலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மொட்டு போல இருக்கிறது. அந்த மொட்டுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். வெளுப்பாக நிரம்பிய குழாய்க்குள் கல் ஒரு இருண்ட வட்டமாகத் தெரியும். பிறகு மின்சாரக் கம்பியால் மொட்டின் வாயைச் சில மில்லிமீட்டர் கீறி அகலப்படுத்துவார்கள். கல்லுக்கு மேலே ஒரு சிறு பலூனை ஊதி இழுப்பார்கள், அல்லது கம்பிக் கூடைக்குள் பிடித்துக் கீழே கொண்டுவருவார்கள்.

நான் இதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஆனாலும் கல் வெளியே குதிக்கும் அந்த நொடியில் இன்றும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். முதலில் கரும்பச்சை நிறத்தில் பித்தநீர் பீறிட்டு வரும். கிருமி ஏறியிருந்தால் சீழ் கலந்து வெளுத்து வரும். பின்னாலேயே கல். சில கற்கள் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். சில ஈர மண் போலக் கூடைக்குள்ளேயே நொறுங்கிவிடும்.

எடுத்த கல்லைக் கையில் கொடுப்பீங்களா?

பெரும்பாலும் இல்லை. கல்லைக் குடலுக்குள்ளேயே விட்டுவிடுவோம், மலத்தோடு போய்விடும். கையில் கல்லைக் காட்டவில்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். எடுத்ததற்கான எக்ஸ்ரே படமும் குறிப்பும் அறிக்கையில் இருக்கும்.

முழிச்சிருக்கும்போதே செய்வாங்களா? வலிக்குமா?

ஆழ்ந்த தூக்கம் வரும்படி மருந்து கொடுத்தோ, முழு மயக்கத்திலோ செய்வார்கள். கவிழ்ந்தோ ஒருக்களித்தோ படுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கடினமான கல் என்றால் கூடும். முந்தைய 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் எப்போது வரை என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். விழித்த பிறகு தொண்டை கரகரக்கும், வயிறு காற்றடைத்தது போல இருக்கும். இரண்டும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கல் ரொம்பப் பெரிசுன்னு சொல்றாங்க. அப்போ ஆபரேஷன்தானா?

அவசியமில்லை. 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் பலூன், கூடையிலேயே வந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் வேலை கடினம். அப்போது குழாயின் வாயைப் பெரிய பலூனால் விரிப்பார்கள். அல்லது கூடைக்குள் பிடித்து உள்ளேயே நசுக்கி உடைப்பார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஒரு மெல்லிய கேமராவைப் பித்தக் குழாய்க்குள்ளேயே அனுப்பி, கல்லை நேரில் பார்த்தபடி லேசர் அல்லது மின்பொறியால் உடைக்கும் முறை இருக்கிறது. இந்த வசதி எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் முதல் முயற்சியில் வரவில்லை என்றால் மருத்துவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. பித்தநீர் வடிய ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயைப் போட்டு அடைப்பை நீக்கிவிட்டு, நிதானமாக மறுமுறை வரச் சொல்வது நல்ல முடிவு.

ஸ்டென்ட் போட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் அங்கேயே இருக்கும். பித்தக் குழாயில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகம். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சின்னக் குழாய் அது. பித்தநீர் வடிய வழி விடும், அவ்வளவுதான். நாளாக ஆக அதற்குள்ளேயே கசடு படிந்து அடைக்கும். வழக்கமாக 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ தேதி கொடுப்பார்கள்.

ஸ்டென்ட் வைத்ததும் மஞ்சள் இறங்கும், பசி எடுக்கும், ஆள் பழையபடி ஆகிவிடுவார். அதனாலேயே மறந்துவிடுகிறார்கள். ஒரு அம்மா 2 வருஷம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு வந்தார். வெளியே எடுத்தபோது ஸ்டென்ட் கறுத்துப்போய் இருந்தது, அதைச் சுற்றியே புதிதாகக் கல் கட்டியிருந்தது. யாரும் சொல்லவே இல்லை என்றார். சொல்லியிருப்பார்கள், மயக்கம் முழுதாகத் தெளியாத நேரத்தில். அன்றிலிருந்து நான் நோயாளியிடம் மட்டும் சொல்வதில்லை. கூட வந்தவரின் கைபேசியில் தேதியைப் போடச் சொல்லி, போட்டதைப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். கல் முழுதும் போய்விட்டதென்றால் ஸ்டென்ட்டை எடுப்பது சாதாரண எண்டோஸ்கோப்பியிலேயே சில நிமிட வேலை.

கல்லை எடுத்தாச்சு, வலியும் இல்லை. இனி பித்தப்பையை எதுக்கு எடுக்கணும்?

குழாயில் இருந்த கல் வந்ததே பித்தப்பையிலிருந்துதான். குழாயைச் சுத்தம் செய்தது பாதி வேலை. பையில் மிச்சக் கல் இருக்கும்வரை இன்னொன்று இறங்கலாம், பித்தப்பையே வீங்கிச் சீழ் பிடிக்கலாம். அதனால் வீட்டுக்குப் போகும் முன்பே, இல்லாவிட்டால் 2 வாரத்துக்குள், லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவையில்) பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். பித்தப்பை இல்லாமல் சாப்பிடலாம், செரிக்கும். பித்தநீர் சேமிக்கப்படாமல் நேராகக் குடலுக்கு வரும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாகப் போகும்.

மிகவும் வயதானவர், இதயமோ நுரையீரலோ மயக்கத்தைத் தாங்காது என்கிற நிலை என்றால், குழாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பையை விட்டுவைக்கும் முடிவும் எடுப்பதுண்டு.

ரெண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியாதா?

முடியும். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போதே குழாய்க் கல்லையும் எடுக்கலாம். வயிற்றில் சிறு துளைகள்தான். சிறிய கல் என்றால் பித்தப்பையின் காம்புக் குழாய் வழியாகவே நுழைந்து கூடையில் பிடிப்பார்கள். பெரிய கல், பல கற்கள் என்றால் பித்தக் குழாயையே சிறிதாகக் கீறி, மெல்லிய கேமராவில் உள்ளே பார்த்து எடுத்துத் தைப்பார்கள். அதற்குக் குழாய் ஓரளவு விரிந்திருக்க வேண்டும். ஒல்லியான குழாயைக் கீறித் தைத்தால் பின்னால் அந்த இடம் சுருங்கிவிடும்.

எது நல்லது என்று கேட்டால், தேர்ந்த கைகளில் இரண்டுமே கல்லை ஒரேபோல நன்றாக எடுக்கின்றன. ஒரே தடவையில் முடிவது லேப்ராஸ்கோப்பியின் லாபம். குழாயின் வாயைக் கீறாததால் அங்கே திறந்து மூடும் வால்வும் பிழைக்கிறது. ஆனால் அதில் பழகிய அறுவை மருத்துவர்கள் குறைவு. காய்ச்சலும் மஞ்சளுமாக வருகிறவருக்கு முதலில் இ.ஆர்.சி.பி.யில் அடைப்பை நீக்குவதே பத்திரம். என்னைக் கேட்டால், உங்கள் மருத்துவமனையில் எந்த முறையை அடிக்கடி செய்கிறார்களோ அதுதான் உங்களுக்கு நல்ல முறை. இதைத் தயங்காமல் நேராகக் கேளுங்கள்.

வயித்துல ஒரு ரப்பர் குழாயும் பையும் தொங்குதே, அது என்ன?

பித்தக் குழாயைக் கீறித் தைத்த சிலருக்கு டி எழுத்து வடிவில் ஒரு குழாய் வைப்பார்கள். தையல் ஆறும்வரை பித்தநீர் வெளியே வடிய அது வழி. பையில் பொன் மஞ்சளாகவோ பச்சையாகவோ பித்தநீர் சேர்வது சரிதான். 2, 3 வாரம் கழித்துச் சாயம் செலுத்திப் படமெடுத்து, கல் மிச்சமில்லை என்று பார்த்த பின் எடுப்பார்கள். அதுவரை இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் புரளும்போதுதான் பெரும்பாலும் இழுபடும். இப்போதெல்லாம் பலருக்கு இது இல்லாமலே நேராகத் தைத்துவிடுகிறார்கள்.

இ.ஆர்.சி.பி.யில் என்ன ஆபத்து? மறைக்காம சொல்லுங்க.

முக்கியமானது கணைய வீக்கம். முதல் பதிலில் சொன்னதுபோல இரண்டு குழாய்க்கும் வாசல் ஒன்று. அங்கே கம்பி நுழையும்போது கணையமும் உரசப்படுகிறது. 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு இது வரும். பெரும்பாலும் சில நாள் சேர்க்கையில் ஆறிவிடும், அரிதாகத்தான் தீவிரமாகும். இதைக் குறைக்க ஆசனவாயில் 100 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதாசின் மருந்து வைப்போம். அந்த வலி மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். கீறிய இடத்தில் ரத்தக்கசிவு 100இல் ஓரிருவருக்கு, குடலில் துளை விழுவது 100இல் ஒருவருக்கும் குறைவு.

இந்த ஆபத்துகள் இருப்பதால்தான் வெறுமனே பார்ப்பதற்காக இ.ஆர்.சி.பி. செய்வதில்லை. எம்.ஆர்.சி.பி. முதலில் எழுதுவதும் அதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு எதுக்குப் பயப்படணும்?

முதல் 24 மணி நேரத்தில் மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி: கணையம். மலம் தார் போலக் கறுத்துப் போவது, தலைசுற்றல்: ரத்தக்கசிவு. இது 2 வாரம் வரைகூடத் தாமதமாக வரலாம். நடுக்கத்தோடு காய்ச்சல்: குழாயில் கிருமி. மூன்றுக்கும் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள், செய்த இடத்துக்கே திரும்புங்கள்.

அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். நாங்களே நிறுத்திட்டு வரலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எத்தனை நாள் நிறுத்துவது, இடையில் ஊசி வேண்டுமா என்பதை இதய மருத்துவரும் இ.ஆர்.சி.பி. செய்யும் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். அவசரம் என்றால் குழாயின் வாயைக் கீறாமல் ஸ்டென்ட்டை மட்டும் நுழைத்து அடைப்பை நீக்கிவிட்டு, கல்லைப் பிறகு எடுக்கலாம்.

கர்ப்பமா இருக்கும்போது கல் அடைச்சா?

ஸ்கேனும் சாயமில்லாத எம்.ஆர்.சி.பி.யும் பார்க்கலாம். கிருமி ஏறிவிட்டால் இ.ஆர்.சி.பி. செய்யவே வேண்டியிருக்கும். தாய்க்கு வரும் அந்தக் காய்ச்சல் குழந்தைக்கும் ஆபத்து. எக்ஸ்ரேயை மிகக் குறைவாகப் பயன்படுத்தி அல்லது தவிர்த்துச் செய்வார்கள். காத்திருக்க முடிகிற நிலை என்றால் நடு மூன்று மாதங்கள் உகந்தவை.

பித்தப்பையை எடுத்து 8 வருஷம் ஆச்சு. இப்போ குழாயில் கல்லாம். அது எப்படி?

பித்தப்பை இல்லாவிட்டாலும் குழாயிலேயே கல் கட்டலாம். குழாய் விரிந்து, பித்தநீர் தேங்கி, கிருமியும் சேர்ந்தால் மென்மையான பழுப்புக் கற்கள் உருவாகும். அறுவைக்குப் பின் 2 வருஷத்துக்குள் தெரிந்தால் அன்று விட்டுப்போன கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு என்றால் புதிதாக உருவானது என்று எடுத்துக்கொள்வார்கள். சிகிச்சை அதே இ.ஆர்.சி.பி.தான். திரும்பத் திரும்ப வந்தால் குழாயில் எங்காவது சுருக்கம் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

உடல் எடை குறைக்க பைபாஸ் ஆபரேஷன் பண்ணியிருக்கேன். எனக்கு வாய் வழியா முடியாதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான். அந்த அறுவையில் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் உள்ள நேர்வழி மாறிவிடுகிறது. வழக்கமான குழாய் அந்த மொட்டு வரை எட்டாது. லேப்ராஸ்கோப்பி உதவியோடு பழைய இரைப்பையில் துளையிட்டு அதன் வழியே இ.ஆர்.சி.பி. செய்யலாம். நீளமான பலூன் எண்டோஸ்கோப்பியில் முயலலாம். இல்லையென்றால் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திக் குழாயைப் பிடிக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் குழாயைத் திறந்தும் எடுக்கலாம். பழைய அறுவையின் குறிப்பைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், வழியை முடிவு செய்வதே அந்தக் காகிதம்தான்.

உள்ளே போய்ப் பார்த்துட்டு கல்லே இல்லைன்னு சொல்லிட்டாங்க. வீணா பண்ணிட்டாங்களா?

கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாவது பதிலில் சொன்னபடி சிறிய கல் தானாக விழுவதுண்டு. படம் எடுத்த நாளுக்கும் சிகிச்சை நாளுக்கும் நடுவில் அது நடந்திருக்கலாம். இடையில் நாள் நிறையப் போயிருந்தாலோ, வலி போய் ரத்தப் பரிசோதனையும் சரியாகிவிட்டாலோ, உள்ளே போகும் முன் இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று நீங்களே கேட்கலாம். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிக்கையில் இரண்டு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: குழாயின் வாயைக் கீறினார்களா, ஸ்டென்ட் வைத்தார்களா. வைத்திருந்தால், எடுக்கும் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.